அம்பை நோவதா, எய்தவரை நோவதா?

தம்போய், ஜொகூர் பாரு நகர மையத்துக்கு வடமேற்கே அமைந்துள்ள புறநகர்ப் பகுதியாகும். தொழிற்சாலைகள், கடைவீடுகள், குடியிருப்புகள் எனப் பரபரப்பாக இயங்கும் ஊர் இது. இவ்வூரின் திடல் ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலையில் நடப்பதாகக் கீழ்க்காணும் காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம்.

படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, வில்லும் கையுமாக நிற்கிறாள். வில், பள்ளி வில்வித்தை மன்றத்துக்குச் சொந்தமானது. அம்புகளோ அவளுடைய அண்ணன் பயன்படுத்தியவை. அவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குச் சென்றபோது தங்கைக்கு விட்டுச் சென்றார். பள்ளி அணிக்கான தேர்வுக்கு இன்னும் ஒரு மாதமே உள்ளது. 18 மீட்டர் தூரத்தில் வைக்கோல் இலக்குப் பலகை நிற்கிறது. அவள் ஆறு அம்புகளை எய்கிறாள். நான்கு அம்புகள் நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் சென்று தைக்கின்றன. ஒன்று வலப்பக்கம் மேலே ஏறிவிடுகிறது. கடைசி அம்பு, பலகையைத் தொடாமல் தரையில் விழுகிறது.

“அம்பு சரியில்லை,” என்கிறாள் அவள். பக்கத்தில் நின்ற தோழி சிரித்துக்கொண்டே, “எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?” என்கிறாள். விளையாட்டாகச் சொன்ன பழமொழிதான். ஆனாலும், மாணவியின் முகம் வாடிவிடுகிறது.

“எனக்கு இது வராது, ஐயா. அடுத்த வாரம் முதல் நான் வரவில்லை,” என்று பயிற்றுநரிடம் சொல்கிறாள்.

“வருவதையும் வராததையும் பிறகு பார்க்கலாம், அம்மா,” என்கிறார் அவர். “குற்றம் யாருடையது என்று முதலில் விசாரிப்போம். விசாரிக்காமல் தண்டனை கொடுக்கலாமா?”

வில்வித்தையில் ஓர் அம்பு குறி தவறினால் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். அம்பில் இருக்கலாம், வில்லில் இருக்கலாம், எய்தவரிடம் இருக்கலாம். பல வேளைகளில் இம்மூன்றும் சேர்ந்தே பிழை செய்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்டறிவதே வில்லாளர் கற்க வேண்டிய முதல் பாடமாகும்.

முதல் விசாரணை: கையில் உள்ள அம்பு

பயிற்றுநர் ஆறு அம்புகளையும் வாங்கி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறார். ஓர் அம்பில் நான்கு பகுதிகள் உண்டு. முன்னே உலோக முனை, நடுவே தண்டு, பின்பகுதியில் இறகுகள், கடைசியில் நாணைக் கவ்விக்கொள்ளும் சிறிய பிளவு. இந்தப் பிளவை வில்லாளர்கள் ‘நாக்’ என்று அழைப்பார்கள்.

சோதனை எளியது. கார்பன் தண்டு என்றால் இரு முனைகளையும் பிடித்து, காதருகே வைத்து, மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். தண்டைச் சற்றுச் சுழற்றி மீண்டும் வளைக்க வேண்டும். ‘கிரீச்’ என்ற ஓசை கேட்டாலோ நார் பிரிந்திருந்தாலோ அந்த அம்பை எய்யவே கூடாது. வெடிப்புள்ள அம்பு, நாண் தள்ளும் வேகத்தில் உடைந்து சிதறும். அதன் கூரிய துண்டுகள் வில்லைப் பிடித்திருக்கும் கையில் பாயக்கூடும். மர அம்பாகவோ மூங்கில் அம்பாகவோ இருந்தால் வெடிப்போடு வளைவையும் பார்க்க வேண்டும். கண்ணாடி மேசையின் மீது உருட்டினால் நேரான தண்டு ஓசையின்றி ஓடும். வளைந்த தண்டு துள்ளித் துள்ளி உருளும். மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில், மூங்கிலும் மரமும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். அவற்றை இளஞ்சூட்டில் காட்டிக் கையால் நிமிர்த்துவது பழங்கால வழக்கம்.

மாணவியின் அம்புகள் கார்பன் தண்டுகளால் ஆனவை. தண்டுகளில் குறையில்லை. ஆனால், ஓர் அம்பின் நாக்கில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறது. பயிற்றுநர் அதைத் தனியே எடுத்து வைக்கிறார். நாண் தள்ளும்போது இந்தப் பிளவு உடைந்துபோனால், அம்பு நாணிலிருந்து நழுவிவிடும். அப்போது வில்லின் ஆற்றலை ஏற்றுக்கொள்ள அம்பு இருக்காது. ஆற்றல் முழுவதும் வில்லையே தாக்கும். வில் முறியவும் கூடும். வெறும் நாணை இழுத்து விடக்கூடாது என்று வில்லாளர்கள் எச்சரிப்பதற்கும் இதுவே காரணம்.

“எய்வதற்கு முன்பே நான் இதைப் பார்த்திருக்க வேண்டும். இந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு,” என்கிறார் பயிற்றுநர்.

இரண்டாம் விசாரணை: எண்ணிட்ட அம்புகள்

அடுத்து, எஞ்சிய ஐந்து அம்புகளிலும் பேனாவால் 1 முதல் 5 வரை எண் எழுதப்படுகிறது. மாணவி மூன்று சுற்றுகள் எய்கிறாள். எந்த எண்ணுள்ள அம்பு எங்கே தைத்தது என்பதைத் தோழி ஒரு தாளில் வட்டம் வரைந்து குறித்துக்கொள்கிறாள். ஒவ்வொரு சுற்றிலும் எய்யும் வரிசையை மாற்றிக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால், கடைசியாக எய்யும்போது ஏற்படும் களைப்பை அம்பின் குற்றமாக எண்ணிவிடுவோம்.

மூன்று சுற்றுகள் முடிந்ததும் தாள் பேசத் தொடங்குகிறது. 1, 2, 3, 4 ஆகிய அம்புகள் இடப்பக்கத்தில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. 5ஆம் அம்பு மட்டும் மூன்று முறையும் கூட்டத்தை விட்டு விலகியே நிற்கிறது. அதை உற்றுப் பார்த்தபோது காரணம் தெரிகிறது. அதன் மூன்று இறகுகளில் ஒன்று பழுதானபோது, அண்ணன் வேறோர் இறகை ஒட்டியிருக்கிறார். பழைய இரண்டும் பறவையின் இடச் சிறகிலிருந்து எடுத்தவை. புதியது வலச் சிறகிலிருந்து எடுத்தது. இரு சிறகுகளின் இறகுகளும் எதிரெதிர்த் திசையில் வளைந்தவை. ஆகவே, ஓர் அம்பில் உள்ள இறகுகள் யாவும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். அவை கலந்துவிட்டால், அம்பைச் சீராகச் சுழற்றும் வேலையில் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யும்.

இங்கே அம்பை நோவதில் தவறில்லை. எப்போதும் ஒரே அம்பு மட்டும் விலகினால் குற்றம் அந்த அம்பில்தான் உள்ளது. எல்லா அம்புகளும் ஒன்றுசேர்ந்து ஒரே பக்கம் விலகினால், வில்லுக்கும் அம்புக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய வேண்டும். அம்புகள் நாலா பக்கமும் சிதறினால், பெரும்பாலும் எய்யும் முறையைத்தான் ஆராய வேண்டும்.

வளைந்து பறக்கும் அம்பு

மாணவியின் நான்கு அம்புகள் ஏன் இடப்பக்கமே செல்கின்றன? இதற்கு விடை காண, அம்பு எப்படிப் பறக்கிறது என்பதை அறிய வேண்டும்.

மரபுவழி வில்லில் அம்பு, வில்லின் நடுவே அமர்வதில்லை. அதன் பக்கத்தில் அமர்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அப்படியானால், நாணோடு செல்லும் அம்பின் பின்பகுதி வில்லின் உடலில் மோதி, அம்பு பக்கவாட்டில் திரும்ப வேண்டும் அல்லவா? ஆனால், நன்கு பொருந்திய அம்பு வில்லைத் தொடாமல் நேரே சென்று குறியைத் தைக்கிறது. இந்தப் புதிர் ‘வில்லாளியின் முரண்’ எனப்படுகிறது.

1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன், அதிவேக ஒளிப்படக் கருவியைக் கொண்டு அம்பு வில்லை விட்டுச் செல்வதைப் படம்பிடித்தார். கண்ணுக்கு நேர்கோடாகத் தெரியும் அம்பு, உண்மையில் மீனைப் போல வளைந்து நெளிந்து செல்வதைப் படம் காட்டியது. நாண் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளுகிறது. கனமான முனை முன்னால் அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் இடையே அகப்பட்ட தண்டு வளைகிறது. முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் வளைந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. அதன் பிறகு இறகுகள் காற்றில் இழுபட்டு அதிர்வைத் தணித்து அம்பை நேராக்குகின்றன.

ஆகவே, அம்பு வளைய வேண்டும். ஆனால், அளவோடு வளைய வேண்டும். தண்டின் இந்த வளையும் தன்மைக்கு எதிரான பண்பே ‘விறைப்பு’. கார்பன் அம்பின் விறைப்பை அளக்க, தண்டை 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின் மீது வைத்து, நடுவில் ஏறத்தாழ 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு 0.6 அங்குலம் தாழ்ந்தால் அதன் மீது 600 என்றும், 0.8 அங்குலம் தாழ்ந்தால் 800 என்றும் அச்சிடுவார்கள். எண் கூடக்கூட விறைப்பு குறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான அம்பை வாங்கிவிடுகிறார்கள்.

மலாய் மொழியில் அம்பை ‘அனாக் பானா’ என்பர். ‘வில்லின் பிள்ளை’ என்பது அதன் நேர்ப்பொருள். பிள்ளை தாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வலிய வில்லுக்கு விறைப்பான அம்பு. மெல்லிய வில்லுக்கு இளக்கமான அம்பு. கொல்லி மலைப் பகுதியை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். ஓரியின் பெயரோடு ஒட்டி நிற்பது வல்வில். அத்தகைய வில்லில் வளைந்து நெளியும் மெல்லிய அம்பைத் தொடுத்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நம்மால் ஊகிக்க முடிகிறது. கேரளத்தின் வயநாட்டில் வாழும் குறிச்சியர் வில்வித்தையில் பெயர் பெற்ற பழங்குடி மக்கள். 1802இல் அவர்களுடைய வீரர்கள், தலைக்கல் சந்துவின் தலைமையில் ஆங்கிலேயரின் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். அத்தகையவர்களுக்கு அம்பின் பொருத்தம் புள்ளிக் கணக்கோடு முடிவதில்லை. அது உயிரைக் காக்கும் அறிவு.

இறகில்லா அம்பு சொல்லும் சாட்சி

மாணவியிடம் இருப்பது 28 பவுண்டு இழுவிசை கொண்ட வில். அண்ணன் பயன்படுத்தியதோ 38 பவுண்டு வில். அம்புகளில் 600 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அண்ணனின் வில்லுக்கு ஏற்ற அம்பு, தங்கையின் வில்லுக்கு விறைப்பு மிகுந்ததாக இருக்கலாம். ஆயினும், ஊகம் போதாது, சான்று வேண்டும்.

இதற்கு வில்லாளர்கள் கையாளும் வழி, இறகில்லா அம்புச் சோதனை. இறகு, அம்பின் பிழையை வழியிலேயே திருத்திவிடுகிறது. இறகை நீக்கிவிட்டால், பிழை மறைக்கப்படாமல் வெளிப்படும். பயிற்றுநர் 5ஆம் அம்பின் மூன்று இறகுகளையும் சுரண்டி எடுத்துவிடுகிறார். இறகில்லா அம்பு தாறுமாறாகப் போகக்கூடும் என்பதால், மாணவி முதலில் இலக்குக்கு 10 மீட்டர் அருகே சென்று எய்கிறாள். இறகுள்ள அம்புகள் மூன்று. இறகில்லா அம்பு ஒன்று. இவ்வாறு மூன்று முறை எய்து முடிவை ஒப்பிடுகிறார்கள்.

வலக்கையால் மூன்று விரல்கள் கொண்டு நாணை இழுத்து, வில்லின் இடப்பக்கம் அம்பை வைத்து எய்பவருக்கு விதி இதுதான்: இறகில்லா அம்பு, மற்ற அம்புகளுக்கு இடப்பக்கம் சென்றால் அம்பில் விறைப்பு மிகுதி. வலப்பக்கம் சென்றால் விறைப்பு போதாது. இடக்கையால் இழுப்பவருக்கு இவ்விதி தலைகீழாகும். துருக்கிய, கொரிய மரபுகளில் உள்ளதுபோல் வலக்கைப் பெருவிரலால் இழுத்து, வில்லின் வலப்பக்கம் அம்பை வைப்பவருக்கும் அப்படியே.

உயரத்துக்கும் விதி உண்டு. இறகில்லா அம்பு மற்ற அம்புகளுக்குக் கீழே தைத்தால், நாணில் அம்பைப் பொருத்தும் புள்ளி அளவுக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதைச் சற்றுக் கீழிறக்க வேண்டும். மேலே தைத்தால், புள்ளியைச் சற்று மேலேற்ற வேண்டும். அம்பு பறக்கும்போது மேலும் கீழுமாக ஆடினால் இந்தப் புள்ளியையும், பக்கவாட்டில் வாலாட்டிச் சென்றால் விறைப்பையும் முதலில் ஐயுற வேண்டும்.

மாணவியின் இறகில்லா அம்பு, மூன்று முறையும் மற்ற அம்புகளுக்கு இடப்பக்கம் சென்று தைக்கிறது. உயரத்தில் வேறுபாடு இல்லை. சாட்சி தெளிவாக இருக்கிறது. பொருத்துப்புள்ளி சரி, விறைப்பு மிகுதி.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இப்போது மாணவி உற்சாகமடைகிறாள். “நாணையும் முறுக்கலாம், முனையையும் மாற்றலாம், பொருத்துப்புள்ளியையும் நகர்த்தலாமே, ஐயா!” என்கிறாள்.

“மூன்றையும் சேர்த்து மாற்றினால், எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும், அம்மா?” என்று கேட்கிறார் பயிற்றுநர்.

அறிவியல் பாடத்தில் சோதனை செய்யும்போது ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்திருப்போம். வில்வித்தையிலும் அதுவே முறை. முதலில் அவர்கள் முனையை மட்டும் மாற்றுகிறார்கள். கனமான முனை, நாண் தள்ளும்போது இன்னும் வலுவாக அசைய மறுக்கும். அதனால் தண்டு கூடுதலாக வளையும். விறைப்பான தண்டு, சற்று இளகியதுபோல் நடந்துகொள்ளும். இதற்கு மாறாக, அம்பு மிகவும் இளக்கமாக இருந்தால், இலேசான முனையைப் பொருத்தலாம். அல்லது தண்டைச் சிறிது வெட்டிக் குறைக்கலாம். வெட்டிய தண்டை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே, வெட்டுவதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். இழுக்கும் நீளத்தைவிட அம்பு குட்டையாகிவிட்டால், அது கைக்கே ஆபத்தாக முடியும்.

கனமான முனையோடு எய்தபோது, அம்புக் கூட்டம் இடப்பக்கத்திலிருந்து நடுப்புள்ளியை நோக்கிப் பாதித் தூரம் நகர்கிறது. எடை கூடியதால் சிறிது கீழேயும் இறங்குகிறது. பிறகு, மன்றத்திலிருந்து 800 என்று அச்சிடப்பட்ட அம்புகளை இரவல் வாங்கி எய்து பார்க்கிறாள். அவை நடுப்புள்ளிக்கு அருகே சென்று கூடுகின்றன. ஐயம் தீர்ந்தது. இடப்பக்கம் விலகியதற்கு அவளுடைய திறமைக் குறைவு முதற்காரணம் அன்று. அண்ணனின் அம்பு அவளுடைய வில்லுக்குப் பிள்ளையாக முடியவில்லை.

வேறு சில ஐயங்களையும் அவர்கள் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொள்கிறார்கள். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளக்கிறார்கள். இடைவெளி குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும். நாணைக் கூடுதலாக முறுக்கினால் அதன் நீளம் குறைந்து இடைவெளி கூடும். முறுக்கைத் தளர்த்தினால் இடைவெளி குறையும். புதிய நாண் சில நாள்களில் நீண்டுவிடும் என்பதால், ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் இதனை அளந்து குறித்து வைப்பது நல்லது.

இறகு வில்லில் உரசுகிறதா என்பதை அறிய, முகத்துக்குப் பூசும் பவுடர் போதும். இறகுகளில் பவுடரைத் தூவி எய்தால், உரசிய இடத்தில் வெள்ளைத் தடம் விழும். மரபுவழி வில்லில் அம்பு, கையின் மீதோ வில்லின் விளிம்பின் மீதோ படிந்து செல்வதால், நெகிழி இறகைவிடப் பறவை இறகே ஏற்றது. பறவை இறகு தொட்டால் மடங்கிக் கொடுக்கும். நெகிழி இறகு முட்டித் திரும்பும். ஆனால், பறவை இறகுக்கு மழை ஆகாது. ஜொகூரில் பிற்பகல் மழை எதிர்பாராமல் கொட்டும். நனைந்த இறகு படுத்துவிடும். அம்பை நேராக்கும் ஆற்றலை இழக்கும். உலர்த்திய பிறகு கொதிநீரின் ஆவியில் சற்றுக் காட்டினால், மடங்கிய இறகு மீண்டும் விரிந்து நிற்கும்.

எய்தவரின் பங்கு

அம்பும் வில்லும் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டன. இனி, எய்தவர் முறை. இரவல் அம்புகள் இடம் வலமாக விலகவில்லை. ஆயினும், அவை மேலிருந்து கீழாக நீண்ட கோடுபோல் தைத்திருக்கின்றன. ஒவ்வொரு சுற்றின் கடைசி அம்பும் கீழேயே இருக்கிறது.

தோழி பக்கத்தில் நின்று, அம்பின் முனையை மட்டும் கவனிக்கிறாள். முதல் மூன்று அம்புகளில் முனை, வில்லின் அருகே ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது. நான்காவது, ஐந்தாவது அம்புகளில் ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. மாணவியின் முதுகுத் தசைகள் களைத்துவிட்டன. நாணை முழுமையாக இழுக்குமுன் அவள் விட்டுவிடுகிறாள். ஓர் அங்குலம் குறைந்தால் வில்லின் இழுவிசை ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். அம்பின் வேகமும் குறையும்.

வேகம் குறைவதால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு, 18 மீட்டரை 0.40 வினாடியில் கடக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதனை ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் கீழிறக்கிவிடும். வேகம் வினாடிக்கு 40 மீட்டராகக் குறைந்தால் நேரம் 0.45 வினாடியாகும், இறக்கம் ஏறத்தாழ 99 சென்டிமீட்டராகும். ஒரே இடத்தைக் குறிபார்த்தும் அம்பு 21 சென்டிமீட்டர் கீழே தைக்கும். கோணத்திலும் இதே நிலைதான். 18 மீட்டர் தூரத்தில் 1 பாகைத் தவறு, இலக்கில் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் விலகலாக மாறும். எய்யும் இடத்தில் கடுகளவாக இருக்கும் பிழை, தைக்கும் இடத்தில் மலையளவாகத் தெரிவதன் காரணம் இதுவே.

மேல்கீழாகச் சிதறும் அம்புகள் பெரும்பாலும் இழுக்கும் நீளத்தையும், இழுத்த கையை முகத்தில் பதிக்கும் இடத்தையும் சுட்டிக்காட்டும். ஒரு முறை உதட்டோரத்திலும் மறுமுறை தாடையிலும் கையைப் பதித்தால், அம்பின் பின்முனை ஏறி இறங்கும். இடம் வலமாகச் சிதறும் அம்புகள், நாணை விடுவிக்கும் முறையையும் வில்லைப் பிடிக்கும் பிடியையும் சுட்டிக்காட்டும். விரல்களைத் தளர்த்தி நாணைப் போக விடாமல், வீணைத் தந்தியை மீட்டுவதுபோல் பக்கவாட்டில் பறித்தால், அம்பு திசை மாறும். வில்லை இறுகப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பி, வில்லும் திரும்பும்.

இதில் நுட்பமான ஒன்றும் உண்டு. முழுமையாக இழுக்காத வில், வலிமை குறைந்த வில்லுக்குச் சமம். அதில் சரியான அம்பும் விறைப்பு மிகுந்ததாக நடந்துகொண்டு இடப்பக்கம் செல்லும். எனவே, எய்யும் முறை சீராக இல்லாதபோது அம்பைச் சோதித்தால் பொய்ச் சாட்சியே கிடைக்கும். களைப்பில்லாத முதல் மூன்று அம்புகளின் முடிவையே பயிற்றுநர் நம்பியதன் காரணம் அதுதான்.

மாணவிக்குக் கொடுக்கப்பட்ட மருந்து எளியது. ஒரு சுற்றுக்கு ஆறு அம்புகளுக்குப் பதிலாக மூன்று மட்டும் எய்ய வேண்டும். இலக்குக்கு 5 மீட்டர் அருகே நின்று, குறியைப் பற்றிக் கவலைப்படாமல், ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்துக்கு நாணை இழுத்துப் பழக வேண்டும். தோழி அருகில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

குறிப்பேட்டின் முதல் பக்கம்

பயிற்சி முடிந்ததும் எல்லாரும் வில்லைக் கீழே வைத்த பிறகே அம்புகளை எடுக்கச் செல்கிறார்கள். பலகையிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது, பின்னால் யாரும் நிற்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு, மாணவி ஒரு குறிப்பேட்டில் அன்றைய முடிவுகளை எழுதுகிறாள்.

நாக் வெடித்த அம்பு: நாக்கை மாற்ற வேண்டும். 5ஆம் அம்பு: ஒரே பக்கச் சிறகின் மூன்று இறகுகளைப் புதிதாக ஒட்ட வேண்டும். அண்ணனின் அம்புகள்: விறைப்பு மிகுதி, தேர்வு முடியும்வரை மன்றத்தின் அம்புகளைப் பயன்படுத்த வேண்டும். நான்: முழுமையாக இழுக்க வேண்டும்.

கடைசி வரியைப் படித்த தோழி, “காலையில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்கிறாள்.

“பழமொழி தவறில்லையே,” என்கிறார் பயிற்றுநர். “அம்பு வந்து தைத்ததும் அதன்மீது கோபப்படாதே, அதன் பின்னால் உள்ள காரணத்தைத் தேடு என்றுதானே அது சொல்கிறது? நாம் இன்று தேடினோம்.”

அந்தத் தேடல் வில்வித்தைத் திடலோடு முடிந்துவிடுவதில்லை. தேர்வில் புள்ளி குறைந்தாலும், தைத்த சட்டை பொருந்தாமல் போனாலும், செய்த சமையல் சுவைக்காமல் போனாலும், “எனக்கு இது வராது” என்ற சொல்தான் பலருடைய நாவில் முதலில் வருகிறது. அது விசாரணை இல்லாத தீர்ப்பு. பிழை எங்கே தொடங்கியது, எத்தனை முறை நடந்தது, எதை மாற்றினால் எது மாறுகிறது என்று பொறுமையாகக் கேட்பவர், கருவியின் குற்றத்தைக் கருவியிடமும் தம் குற்றத்தைத் தம்மிடமும் காண்பார். இரண்டையும் திருத்தவும் செய்வார்.

அடுத்த சனிக்கிழமை, திடலில் அந்த மாணவிதான் முதலில் வந்து நிற்கிறாள். வில்லில் நாணேற்றுவதற்கு முன், அளவுகோலையும் குறிப்பேட்டையும் வெளியே எடுக்கிறாள்.

சொற்பொருள்

நோதல் – குறை கூறுதல், வருந்துதல்
நாண் – வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் கயிறு
விறைப்பு – எளிதில் வளையாத தன்மை
முரண் – ஒன்றுக்கொன்று மாறுபட்டதாகத் தோன்றும் நிலை
இரவல் – திருப்பித் தருவதாகக் கூறிப் பெறுவது
பாகை – கோணத்தை அளக்கும் அலகு

கருத்துணர் கேள்விகள்

1. ஓர் அம்பு குறி தவறுவதற்கான காரணம் எந்த மூன்று இடங்களில் இருக்கலாம்?
2. அம்புகளுக்கு எண்ணிட்டு எய்ததால் மாணவி அறிந்துகொண்ட செய்தி யாது? எய்யும் வரிசையை மாற்றியது ஏன்?
3. ‘வில்லாளியின் முரண்’ என்பதை உமது சொந்த வாக்கியங்களில் விளக்குக.
4. இறகை நீக்கிய அம்பு, உண்மையைத் தெளிவாகக் காட்டுவது எப்படி?
5. “இந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு” எனும் கூற்றின் வழி, பயிற்றுநரின் எப்பண்பு வெளிப்படுகிறது?
6. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ எனும் பழமொழியைத் தோழி பயன்படுத்திய விதத்தையும் பயிற்றுநர் விளக்கிய விதத்தையும் ஒப்பிடுக.

குழு நடவடிக்கை

நீங்கள் அண்மையில் தோல்வி கண்ட ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான காரணங்களைக் ‘கருவி’, ‘சூழல்’, ‘நான்’ எனும் மூன்று தலைப்புகளில் பட்டியலிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பதற்கான திட்டத்தை வகுத்து, வகுப்பில் படையுங்கள்.